கூதிர்காலக் கோடியக்கரை: உள்ளானும் தும்பியும்

'இலையுதிர்காலம்' என்னும் சொல் நான் வாழும் நோத்ர-டாம்-த-கிரேஸுக்குப் பொருந்தும், கோடியக்கரைக்குப் பொருந்தாது. அங்குள்ளது பசுமை மாறாத உலர்காடு. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களைக் கூதிர் என்றனர் தொல்காப்பிய உரையாசிரியர். களக்குறிப்புகளுக்கு அப்பெயரே தகும்.

1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இக்கரையை வடபுலப் பறவைகள் அப்பருவத்தில் வந்தடைகின்றன. வேதாரண்யம் உவர்ச்சதுப்பில் பூநாரைகளே கண்ணை ஈர்க்கும். ஆயினும், என் மதிப்பில், வியப்புக்குரியது கொசு உள்ளான். ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ள அது ஆர்க்டிக் தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கு வருகிறது. பெயரில் கொசு, உணவிலும் பூச்சிகளும் அவற்றின் புழுக்களுமே மிகுதி.

அதனினும் சிறிய பயணி பன்டாலா ஃபிளாவெசென்ஸ் என்னும் தட்டான். நன்னீர்நிலைகள் அரிதான மாலத்தீவில் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் இவை திரளாகத் தோன்றுவதை ஆராய்ந்த சார்ல்ஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து பருவக்காற்றின் துணையுடன் கிழக்காப்பிரிக்கா நோக்கிச் செல்வன என்று 2009இல் விளக்கினார். மழைக்குட்டைகளில் முட்டையிடும் இனமாதலின் மழை செல்லும் வழியே இதன் வழி. தட்டான் தாழப் பறத்தலை மழைக்குறியாகக் கொள்ளும் உழவர் வழக்கு இங்கு நினைக்கத்தக்கது. அதனைச் சான்றாகக் கொள்வதற்கில்லை.

இங்கொரு சொற்சிக்கல் எழுகிறது. ஈழவழக்கில் இப்பூச்சியின் பெயர் தும்பி. குறுந்தொகை 2ஆம் பாடலில் தலைவன் விளிக்கும் தும்பியோ பூந்தாது தேரும் வண்டினம். தட்டான் தேனுண்பதில்லை, பிற பூச்சிகளைப் பறந்தவாறே பிடித்துண்ணும். சங்கப்பாடல்களிலிருந்து தட்டானின் வரவைக் கணிக்க முனைவோர், ஒவ்வொரு தும்பியும் பாட்டில் என்ன உண்கிறது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.