தைராய்டு நோய் சிகிச்சையின்போது உடலில் நீர் கோத்தல்

தைராய்டு நோயில் நீர் கோத்தல் என்பது, தைராய்டு சுரப்பியின் செயல்பாடு குறைவதாலோ மிகுவதாலோ முகம், கண் இமை, கை, கால் போன்ற இடங்களில் ஏற்படும் வீக்கத்தைக் குறிக்கும். சுரப்புக் குறை உள்ளவர்களிடம் இது அதிகமாகக் காணப்படுகிறது. சிகிச்சை தொடங்கியவுடன் இந்த வீக்கம் மறைந்துவிடுவதில்லை, படிப்படியாகவே குறைகிறது. அதுவரை பொறுக்க இயலாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது, மருந்துக்கடையில் நீர் மாத்திரை வாங்கி விழுங்குவது, தைராய்டு மாத்திரையின் அளவைத் தாமாகவே கூட்டுவது எனப் பலர் முயல்கின்றனர். இவை பயன் தருவதில்லை. சில நேரங்களில் ஆபத்தாகவும் முடியலாம். காரணத்தை அறிந்துகொண்டால் இம்முயற்சிகள் ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும்.

வரலாறு

1873ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், முகம் ஊதி, பேச்சும் செயலும் மந்தமான பெண்கள் சிலரின் நோய்நிலையை விவரித்தார். அதன்பின் வில்லியம் ஆர்ட் என்ற மருத்துவர், இந்நோயால் இறந்த ஒருவரின் தோலில் சளி போன்ற ஒரு பொருள் நிறைந்திருப்பதைக் கண்டு, 1878இல் இந்நோய்க்கு 'மிக்ஸிடீமா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'மிக்ஸா' என்றால் சளி. 'ஒய்டேமா' என்றால் வீக்கம். 1891இல் ஜார்ஜ் மரே செம்மறி ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் ஒரு பெண் நோயாளிக்குச் செலுத்தினார். வீக்கம் வடிந்து உடல் தேறிய அப்பெண், சிகிச்சையைத் தொடர்ந்து மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914இல் எட்வர்டு கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். இன்று அதே இயக்குநீர் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு, லெவோதைராக்சின் மாத்திரையாக வழங்கப்படுகிறது.

நீர் கோப்பதற்கான காரணங்கள்

தைராய்டு இயக்குநீர் குறையும்போது, ஹயலுரோனிக் அமிலம் முதலான பொருட்கள் தோலிலும் பிற திசுக்களிலும் தேங்குகின்றன. இவை தண்ணீரை ஈர்த்துப் பிடித்துவைக்கும் தன்மை கொண்டவை. ஆகவே திசுக்களில் இருப்பது தளும்பும் நீர் அன்று. கூழ் போல் பிணைக்கப்பட்ட நீர். இதனால்தான் வீங்கிய இடத்தை விரலால் அழுத்தினால் பெரும்பாலும் குழி விழுவதில்லை. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறால் வரும் வீக்கத்தில் அழுத்திய இடத்தில் குழி விழுந்து, சற்று நேரம் கழித்தே நிரம்பும்.

இதனுடன் வேறு சில மாற்றங்களும் சேர்கின்றன. நுண்குழாய்களின் சுவர் வழியே புரதம் கசிகிறது. கசிந்ததைத் திரும்பக் கொண்டுசெல்லும் நிணநீர் ஓட்டம் மந்தமடைகிறது. சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகமும் குறைகிறது. கூடுதல் நீரை வெளியேற்ற முடியாமல் போவதால், சிலருக்கு இரத்தத்தில் சோடியம் அளவு தாழ்கிறது.

வீக்கம் வெளியில் தெரியும் இடங்களோடு நிற்பதில்லை. நாக்கு தடிப்பது, குரல் கரகரப்பது, மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போவது ஆகியவையும் இதனால் ஏற்படலாம்.

மிகைச் சுரப்பில் காரணம் வேறு. நீண்ட நாள் வேகமாகத் துடித்த இதயம் தளர்ந்தால் கணுக்காலில் நீர் கோக்கலாம். கிரேவ்ஸ் நோய் உள்ளவர்களில் சிலருக்கு முழங்காலுக்குக் கீழே முன்புறத் தோல் தடித்து வீங்குவதும் உண்டு. மிகைச் சுரப்புக்குக் கார்பிமசோல் உட்கொள்பவர்களுக்கு மருந்தின் அளவு தேவைக்கு மிஞ்சினால், சுரப்பு குறைந்து முகம் ஊதத் தொடங்கலாம். அதனால் இவர்களுக்கும் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை தேவை.

சிகிச்சையின் போக்கு

லெவோதைராக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். ஆகவே ஒரு குறிப்பிட்ட அளவின் முழுப் பயனும் தெரிய சுமார் 6 வாரங்கள் வேண்டும். டி.எஸ்.எச். பரிசோதனை 6 முதல் 8 வாரங்கள் கழித்துச் செய்யப்படுவது இதனால்தான். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவதால் இன்னும் காலம் பிடிக்கும்.

முதலில் சிறுநீர் கூடுதலாகப் பிரிந்து, முகத்தின் ஊதல் குறையும். தோலின் தடிப்பு மாற மாதங்கள் ஆகலாம். சுரப்புக் குறையால் கூடும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ வரை இருக்கும். அதில் பெரும்பகுதி உப்பும் நீருமே. சிகிச்சைக்குப் பின் இந்த எடை இறங்கும். அதற்கு மேற்பட்ட உடற்பருமன் மாத்திரையால் மட்டும் குறைவதில்லை.

செய்ய வேண்டியவை

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். காபி, தேநீர், காலை உணவு ஆகியவற்றுக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேர இடைவெளி தேவை. இரும்புச்சத்து, கால்சிய மாத்திரைகள் மருந்தை உடல் ஏற்பதைத் தடுப்பதால், அவற்றை 4 மணி நேரம் கழித்தே உட்கொள்ள வேண்டும்.

முடி வளர்வதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அது பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும்.

உலக சுகாதார அமைப்பு, பெரியவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு உட்கொள்ளப் பரிந்துரைக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் தின்பண்டங்கள் ஆகியவற்றைக் குறைத்தாலே பெருமளவு உப்பு குறையும்.

கால் வீக்கம் இருந்தால் உட்காரும்போது கால்களை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம், அன்றாடம் நடக்கலாம். வாரம் ஒரு முறை, காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்துவைப்பது மாற்றத்தை அறிய உதவும்.

தவிர்க்க வேண்டியவை

மருத்துவர் சொல்லாமல் நீர் மாத்திரை உட்கொள்ளக் கூடாது. திசுக்களில் பிணைந்துள்ள நீரை அது விடுவிப்பதில்லை. ஏற்கெனவே குறைந்திருக்கும் சோடியத்தை மேலும் குறைத்துத் தலைச்சுற்றலையும் குழப்பத்தையும் உண்டாக்கலாம். பார்லிக் கஞ்சி, நீர்முள்ளிக் கஷாயம் போன்றவையும் இயக்குநீர்க் குறையை ஈடுசெய்வதில்லை. மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்தாலன்றி, தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டியதில்லை.

வீக்கம் விரைவாக வடியும் என்று எண்ணித் தைராய்டு மாத்திரையைக் கூட்டுவதும் தவறு. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு சீர்கெடும். நாளடைவில் எலும்பும் நலியும்.

வீக்கம் தொடர்ந்தால்

டி.எஸ்.எச். இயல்பு நிலைக்கு வந்து சில மாதங்கள் ஆகியும் வீக்கம் இருந்தால், அதைத் தைராய்டின் மேல் மட்டும் சுமத்தக் கூடாது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிநிவாரணிகள், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவையும் நீர் கோக்கச் செய்யும். சிறுநீரில் புரதம் பெருமளவு வெளியேறும் நோயில் தைராக்சினும் சேர்ந்தே இழக்கப்படுவதால், மாத்திரையின் தேவை கூடுவதும் உண்டு. எளிய சிறுநீர்ப் பரிசோதனையே இதைக் காட்டிக்கொடுக்கும்.

உடனடி மருத்துவ உதவி

மூச்சுத் திணறல், படுத்தால் மூச்சடைப்பு, நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் திடீரென வலியுடன் வீக்கம், சில நாட்களுக்குள் எடை வேகமாகக் கூடுதல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுரப்புக் குறை உள்ளவருக்கு உடல் சில்லிட்டு, மீளா உறக்கமும் மனக்குழப்பமும் ஏற்பட்டால் அது உயிருக்கு ஆபத்தான நிலையாகும். நெடுநாள் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு நோய்த்தொற்று அல்லது கடுங்குளிர் தாக்கும்போது இந்நிலை ஏற்படலாம். எனவே வீக்கம் வடிந்த பிறகும் மருத்துவர் கூறாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.