தெரிவு செய்கிறவர்கள் உங்களைக் காண்பதில்லை

“என்னில என்ன பிழை அண்ணா?” என்று கேட்டாள் என் சித்தியின் மகள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் முடித்தவள். வெளிநாட்டுத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வுக்காக மூன்று மாதம் இரவிரவாகப் படித்தாள். வீடியோ அழைப்பில் ஐந்து சுற்றுகள். பிறகு இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல். காரணம் எதுவும் இல்லை.

நான் ஊடகக் கற்கை படித்தவன். கோடிங் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவளுடைய கேள்விக்குப் பதில் தேடினேன். இந்த வகை நிறுவனங்களில் கூகிள் ஆட்களை எப்படித் தெரிவு செய்கிறது என்பது பற்றித்தான் பகிரங்கமாக நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதை வைத்தே விளக்குகிறேன்.

ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகளை அடைக்கலாம் என்பது போன்ற புதிர்களுக்கு ஒரு காலத்தில் கூகிள் பேர்போனது. 2013இல், அப்போதைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ பொக், நியூயோர்க் டைம்ஸ் செவ்வியில் அவை வெறும் நேர விரயம் என்று ஒப்புக்கொண்டார். கேட்பவர் தன்னைக் கெட்டிக்காரராக நினைத்துக்கொள்ள மட்டுமே அவை உதவினவாம். பல்கலைக்கழகப் புள்ளிகளும், புதிதாகப் பட்டம் பெற்றவர்களைத் தவிர மற்றவர்கள் விடயத்தில், பயனற்றவை என்றார். இசட் புள்ளியை வைத்தே பிள்ளைகளை அளந்து பழகிய எங்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

இப்போது நடப்பது வேறு. சுமார் 45 நிமிடத்துக்கு ஒரு கணக்கு. விடையை மட்டுமல்ல, அதை நோக்கி எப்படிப் போகிறீர்கள் என்பதையும் பார்க்கிறார்கள். முக்கியமான விடயம், நேர்காண்பவர் தனியே முடிவெடுப்பதில்லை. அவர் விரிவான குறிப்பு எழுதுகிறார். எல்லாச் சுற்றுக் குறிப்புகளும் ஒரு குழுவிடம் போகின்றன. அந்தக் குழு உங்களைக் கண்டதே இல்லை. அவசரமாக ஆள் தேவைப்படும் முகாமையாளர் கிடைத்தவரை எடுத்துவிடுவார் என்பதால் வந்த ஏற்பாடு இது. நோக்கம் நல்லதுதான். ஆனால் குறிப்பில் இல்லாதது குழுவுக்குத் தெரியாது.

இதைச் சொன்னபோது தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. “மூன்றாவது சுற்றில நான் இருபது நிமிசம் சத்தமில்லாம யோசிச்சனான்” என்றாள். விடை சரியாகவே வந்ததாம். ஆனால் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி எதிரே இருந்தவர் என்ன எழுதியிருப்பார்? வகுப்பில் வாய் திறக்காமல் இருந்து, கடைசியில் சரியான விடையைக் காட்டுவதுதான் எங்கள் பாடசாலைகளில் நல்ல பிள்ளைக்கு அழகு. அந்தப் பழக்கம் அங்கே எதிராகத் திரும்புகிறது. கேள்வியைத் திருப்பிக் கேட்டுத் தெளிவது குறைவான அறிவின் அடையாளமென்றும் நினைத்திருந்தாள். உண்மையில் அதை எதிர்பார்த்தே கேள்வியை அரைகுறையாகக் கொடுப்பதுண்டு.

இன்னொன்றும் உண்டு. பிழையான ஒருவரை எடுப்பதைவிட, நல்லவர் ஒருவரை இழப்பது பரவாயில்லை என்பதே இவர்களின் கணக்கு. மக் கணினிகளில் மென்பொருள்களை நிறுவ உதவும் ‘ஹோம்ப்ரூ’வை உருவாக்கியவர் மக்ஸ் ஹவல். கூகிள் பொறியியலாளர்களில் பெரும்பாலானோர் தன் மென்பொருளைப் பாவித்தும், வெண்பலகையில் ஒரு கணக்கைச் செய்ய முடியாததால் நிராகரிக்கப்பட்டதாக 2015இல் அவர் டுவிட்டரில் கொதித்தார்.

உள்ளே போனவர்களுக்கும் நிலை உறுதியில்லை. 2019 மார்ச்சில் கூகிளின் முழுநேர ஊழியர்கள் சுமார் 102,000. தற்காலிக, ஒப்பந்தப் பணியாளர்கள் சுமார் 121,000 என்று நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறமே இரு தரப்புக்கும் வேறு. 2023 ஜனவரியில் தாய் நிறுவனமான அல்பபெற் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தபோது, பலருக்கு அது மின்னஞ்சலில்தான் தெரிந்தது.

இதையெல்லாம் சொன்ன பிறகும் தங்கச்சி மறுபடி விண்ணப்பிக்கப் போகிறாள். இப்போது அம்மம்மாவை முன்னால் இருத்திவைத்து, ஒவ்வொரு கணக்கையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் செய்து பழகுகிறாள். அம்மம்மாவும் விளங்கியது மாதிரி இடைக்கிடை ‘ம்’ கொட்டுகிறார்.