அண்ணா எஃப்.எம்.: பல்கலைக்கழக வளாகத்தில் பிறந்த சமுதாய வானொலி கடந்துவந்த பாதை

சென்னை: இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலியான 'அண்ணா எஃப்.எம்.', 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. அப்போதைய துணைப் பிரதமர் எல்.கே.அத்வானி அதைத் தொடங்கி வைத்தார். 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிக்கும் இந்நிலையம், நாட்டின் ஒலிபரப்பு வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது.

தீர்ப்பு திறந்த கதவு

இதன் வேர் ஒரு கிரிக்கெட் வழக்கில் உள்ளது. போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை தொடர்பாக மத்திய அரசுக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து என 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்த அனுமதிக்கும் கொள்கை 2002 டிசம்பரில்தான் வெளியானது. அந்த வாய்ப்பை முதலில் பயன்படுத்தியது அண்ணா பல்கலைக்கழகம். அங்கு ஒலி-ஒளி ஆய்வு மையத்தை வழிநடத்திய ஆர்.ஸ்ரீதர் இம்முயற்சியில் முக்கியப் பங்காற்றினார்.

வளாகத்துக்கு வெளியே

சமுதாய வானொலியின் ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட். எட்டும் தொலைவு சுமார் 10 கி.மீ. இந்தச் சிறிய எல்லையே அதன் வலிமை. உள்ளூர் மக்களின் மொழியில், அவர்களின் பங்கேற்புடன் நிகழ்ச்சிகள் தயாரிக்கப்பட வேண்டும் என்பது விதி. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் மையங்களுக்கும் அனுமதி விரிவுபடுத்தப்பட்டது. அதன் பயனாக, கல்வி வளாகத்துக்கு வெளியே முதல் நிலையமான 'சங்கம் ரேடியோ', 2008 அக்டோபரில் அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில் தொடங்கியது.

தொடரும் தடை

இந்நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இயலாது. அகில இந்திய வானொலியின் செய்திகளை மாற்றமின்றியோ மொழிபெயர்த்தோ மட்டுமே வழங்கலாம். வானிலை, போக்குவரத்து, குடிநீர், மின் விநியோகம், தேர்வு முடிவுகள் போன்ற தகவல்களுக்குத் தடையில்லை. தங்கள் பகுதி நடப்புகளைத் தாங்களே செய்தியாகச் சொல்ல முடியாத நிலை, வான் அலைகள் பொதுச் சொத்து என்ற தீர்ப்பின் முழுப் பயனும் மக்களைச் சேர்ந்துவிட்டதா என்ற கேள்வியை எழுப்புகிறது.

நிதியும் சவாலே. 1924-இல் தொடங்கப்பட்ட சென்னை மாகாண வானொலிக் கழகம், பண நெருக்கடியால் 1927-இல் ஒலிபரப்பை நிறுத்தியது. அதே நகரில் 80 ஆண்டுகளுக்குப் பின் அண்ணா எஃப்.எம். பிறந்தபோது, அதற்குப் பல்கலைக்கழகம் துணை நின்றது. அத்தகைய பின்புலம் இல்லாத சிறு அமைப்புகளுக்கு விளம்பர வருவாய் முக்கியமாகிறது. 2024 பிப்ரவரியில் வெளியான திருத்திய வழிகாட்டு நெறிமுறைகள், விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடங்களிலிருந்து 12 நிமிடங்களாக உயர்த்தின. அப்போது நாட்டில் 481 சமுதாய வானொலி நிலையங்கள் இயங்கி வந்தன.