வானளாவும் வீடுகள்

அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரின் நடுவே, ஆற்றங்கரையில், மெரினா சிட்டி என்னும் இரட்டைக் கோபுரங்களைக் காண்கின்றோம். மக்கள் புறநகர்களுக்குக் குடிபெயர, நகரின் நடுவிடத்தில் குடிகள் குறைந்தனர். தம் பிழைப்புக்கு அஞ்சிய கட்டடப் பணியாளர் சங்கத்தாரின் பொருளுதவியால் 1960-இல் இவற்றின் வேலை தொடங்கிற்று. 65 அடுக்குகளுள் கீழுள்ள 19-இல் மோட்டார் வண்டிகள் நிற்கும், மேலே வீடுகள், அடியில் படகுத்துறை.

1977-இல் வீடுகள் தனித்தனி உடைமையாயின. ஆயினும், தத்தம் சுவர்களுக்கு உட்பட்டதே ஒருவர்க்கு உரியது. மின்தூக்கி, படி, கூரை யாவும் பொது. அவற்றைக் காக்கும் செலவையும் பணியாளர் ஊதியத்தையும் மாதந்தோறும் அனைவரும் பகிர்ந்து இறுத்தல் வேண்டும். ஒருவர் தவறின் அச்சுமை பிறர்மேல் விழும். ஆதலின், அண்டை வீட்டாரை அறியாது அங்கு வாழலாம். அவர் துணையின்றி வாழ்தல் இயலாது. உழைப்பாளர் கவலையில் பிறந்த அம்மாடத்தில், வாயில் காப்போனையும் அயலாராக எண்ணுதலே அறம் என்போம்.