அனசூயையின் கதையை எழுதிய மௌல்வி

அத்ரி முனிவரின் மனைவி அனசூயையின் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். கற்பின் வலிமையால் மும்மூர்த்திகளையும் கைக்குழந்தைகளாக்கித் தாலாட்டிய அந்த மகராசியின் கதையைத் தெலுங்கில் நாடகமாக எழுதியவர்களில் ஒருவர் ஒரு மௌல்வி என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா?

அவர் பெயர் உமர் அலீஷா. 1885-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி, ஆந்திராவின் பிட்டாபுரத்தில் பிறந்தார். சென்னையிலிருந்து ஹௌரா செல்லும் ரயில் பாதையில், சாமல்கோட்டையைத் தாண்டியதும் வரும் ஊர் அது. குக்குடேசுவரர் கோயிலும் புருஹூதிகா தேவியின் சந்நிதியும் உள்ள புண்ணியத் தலம். தெலுங்குப் பேரகராதி ஒன்றுக்கே தம் பெயரைத் தந்த சூரியராவ் மகாராஜா, புலவர்களை ஆதரித்து வந்த ஊரும் அதுதான்.

அலீஷாவின் குடும்பமோ ஸூஃபி குருமார்களின் பரம்பரை. பிட்டாபுரத்தில் அவர்கள் நடத்திய ஆன்மிக பீடத்துக்கு அவர் ஆறாவது தலைவர். ஹிந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வந்து உபதேசம் கேட்ட இடம் அது. ஸூஃபிகள் சொல்வதையும் வேதாந்தம் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நூலே எழுதினார் அவர்.

தெலுங்கில் பத்தியம் எழுதுவது லேசான காரியமல்ல. உத்பலமாலை என்றால் அடிக்கு 20 எழுத்து; சம்பகமாலை என்றால் 21. நம் எதுகையைப் போல, அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டும். சம்ஸ்கிருதமும் கைவசம் இருக்க வேண்டும். அந்தக் கடலில் நீந்திப் பழகியவர் அலீஷா. பாரசீகம், அரபு, உருதுவும் அறிந்தவர். உமர் கய்யாமின் பாடல்களைத் தெலுங்காக்கினார்; முகம்மது நபிகளின் வரலாற்றையும் தெலுங்கர்களுக்குச் சொன்னார். நாவல்களும் எழுதினார். பெண்களின் நிலை உயர வேண்டுமென்ற கவலை அவர் எழுத்திலே திரும்பத் திரும்ப வரும்.

ஏட்டோடு நின்றுவிடவில்லை அவர். தேச விடுதலை இயக்கத்திலும் ஈடுபட்டார். 1935-லிருந்து டில்லியில் மத்திய சட்டசபை அங்கத்தினராக இருந்தார். இங்கேதான் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். 1909-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த தனித் தொகுதி முறைப்படி, முஸ்லிம் ஸ்தானத்துக்கு முஸ்லிம்கள் மட்டுமே வோட்டுப் போடலாம். அலீஷா அமர்ந்ததும் அப்படிப்பட்ட ஒரு ஸ்தானத்தில்தான்: சென்னை ராஜதானியின் வட பகுதி முஸ்லிம்களின் பிரதிநிதி. சட்டம் அவரை ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியவராக்கிற்று. அவருடைய நாடகத்தைப் படிக்கிறவரிடம் "நீ எந்தத் தொகுதி?" என்று கேட்பார் உண்டோ?

காலமோ வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1940 மார்ச்சில் லாகூரில் முஸ்லிம் லீக், முஸ்லிம்களுக்குத் தனி ராஜ்யங்கள் வேண்டுமென்று தீர்மானம் செய்தது. "உன் மொழி எது? உன் தேசம் எது?" என்று அண்டை வீட்டாரை அண்டை வீட்டாரே கேட்கும் நாள் வந்தது. அலீஷாவைக் கேட்டிருந்தால், பதில் அவர் எழுதிய நூல்களிலேயே இருந்தது. நபிகளின் சரித்திரமும் அனசூயையின் கதையும் ஒரே பேனாவிலிருந்து, ஒரே தெலுங்கில் பிறந்தவை. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1945 ஜனவரி 23-ஆம் தேதி அவர் காலமானார். சுதந்திரக் கொடி ஏறியதையும் அவர் பார்க்கவில்லை. தேசம் இரண்டானதையும் பார்க்கவில்லை. முன்னதைப் பார்க்காதது அவருடைய துரதிர்ஷ்டம். பின்னதைப் பார்க்காததை என்னவென்று சொல்வது?

அடுத்த முறை குழந்தைகளுக்கு அனசூயையின் கதையைச் சொல்லும்போது, இந்த மௌல்வியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மொழி என்பது ஒரு வீட்டுச் சொத்தல்ல, ஆசையோடு படித்தவர்களுக்கெல்லாம் உரியது என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியட்டும்.