நூலிலிருந்து தொடருக்கு

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது புகைப்படக்காரர் ஹரிபாபுவும் இறந்துபோனார். அவருடைய கேமரா பிழைத்தது. அதிலிருந்த பிலிம்தான் ராஜீவ் காந்தி கொலை வழக்கின் பெரிய துப்பு. அந்தப் புலனாய்வை 'இந்தியா டுடே' நிருபராகப் பின்தொடர்ந்த அனிருத்யா மித்ரா, 2022இல் அதை 'நைன்ட்டி டேஸ்' என்ற நூலாக்கினார். நாகேஷ் குக்குனூர் இயக்கத்தில் அது 7 பகுதிகள் கொண்ட 'தி ஹன்ட்' தொடராகி, 2025 ஜூலையில் சோனி லிவ்வில் வெளிவந்தது.

நூலைத் தொடராக்குவதில் முதல் வேலை, அதன் உரிமையை வாங்குவது. நடந்த சம்பவம் யாருக்கும் சொந்தமில்லை. நூலாசிரியரின் எழுத்து அவருக்குச் சொந்தம். சட்ட எல்லையும் உண்டு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட 'நக்கீரன்' இதழ் தொடுத்த வழக்கில், பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட அனுமதி தேவையில்லை, அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமை குறுக்கே வரும் என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

திரைக்கதைதான் கடினம். 'பிலிமைக் கழுவினார்கள்' என்று நூலில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். திரையில் இருட்டறைக்குள் யார் நிற்கிறார், படத்தில் மாலையோடு நிற்கும் குண்டுதாரிப் பெண்ணை முதலில் யார் கவனிக்கிறார், என்ன பேசுகிறார் என்பதெல்லாம் முடிவாக வேண்டும். பேச்சுக்குப் பதிவு கிடையாது. எழுத்தாளர் ஊகித்தே எழுதுகிறார். பல அதிகாரிகளின் உழைப்பு ஒரே பாத்திரத்துக்குள் போவதும் உண்டு. இத்தகைய தொடர்களின் தொடக்கத்தில் 'சில காட்சிகள் கற்பனை' என்று போடுவது இதனால்தான்.

முடிவு எல்லோருக்கும் தெரியும்: 1991 ஆகஸ்ட் 20, பெங்களூரு கோணனகுண்டே வீட்டில், கொலைத் திட்டத்தை நடத்திய சிவராசன் பிணமாகக் கிடந்தார். ஆகவே 'யார் செய்தது' என்ற கேள்வி எடுபடாது. 'உயிரோடு சிக்குவாரா' என்பதே கதையை இழுத்துச் செல்லும். வீட்டைச் சூழ்ந்த கமாண்டோக்கள் உத்தரவுக்காகக் காத்துக்கிடந்த நேரம், திரைக்கதை எழுதுபவருக்குப் புதையல்.

வசனத்தை ஊகிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொலையாளியின் சாமர்த்தியத்தில் மயங்கி, ஸ்ரீபெரும்புதூர் கூட்டத் திடலில் செத்துப்போன காவலர்களையும் கட்சிக்காரர்களையும் வெறும் கூட்டமாகக் காட்டினால்தான் அநியாயம்.

இப்படித் தொடராக்கத்தக்க இன்னொரு வழக்கு தெற்கே இருக்கிறது. 2021 மார்ச்சில் அரபிக்கடலில் பிடிபட்ட 'ரவிஹன்சி' என்ற இலங்கைப் படகைக் கடலோரக் காவல்படை கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. உள்ளே 5 ஏ.கே.47 துப்பாக்கிகள், 1,000 தோட்டாக்கள், சுமார் 300 கிலோ ஹெராயின். தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) அதை விசாரித்தது. தொடர் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். கோப்புகளைப் படித்து, துறைமுகத்து மீனவர்களிடம் உட்கார்ந்து பேசி, முதலில் ஒரு நிருபர் அதைப் புத்தகமாக எழுதட்டும்.