வயற்காவல் மணியும் மின்கம்பியின் எல்லையும்

நெற்கதிர் முற்றுங் காலத்திலும், கிழங்கு, மரக்கறிச் செய்கைகளிலும் காட்டுப்பன்றியும் யானையும் ஓரிரவிலேயே பெருஞ் சேதத்தை விளைவிக்கின்றன. இரவு முழுதும் விழித்திருத்தல் எவர்க்கும் இயலாது. ஆகவே, விலங்கு எல்லையைக் கடந்தவுடன் ஒலியெழுப்பும் மின்மணியைக் கமக்காரர் பலர் விரும்புகின்றனர். இதனை அமைப்போர், பற்றரியின் ஆற்றலுக்கும் கம்பியின் நீளத்திற்கும் எல்லையுண்டு என்பதை அறிதல் வேண்டும்.

கம்பியில் ஏற்படும் இழப்பு

மின்னோட்டம் மணிக்குச் சென்று மீண்டும் வருதல் வேண்டும். எனவே 100 மீற்றர் தூரத்திற்கு 200 மீற்றர் கம்பி தேவை. 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பி இந்நீளத்தில் ஏறக்குறைய 3½ ஓம் தடையைத் தரும். 1 அம்பியர் வேண்டும் மணியொன்றை இதில் இணைத்தால் 3½ உவோற்று கம்பியிலேயே வீணாகும். 12 உவோற்றுப் பற்றரியினின்றும் மணியை அடைவது 8½ உவோற்றே. மணி மெலிந்து ஒலிக்கும், அல்லது ஒலியாதொழியும். 2½ சதுர மில்லிமீற்றர் கம்பியாயின் இழப்பு 1½ உவோற்றுக்குட் படும். ஆயின் விலை அதிகம்.

சிக்கனமான முறை

மணியையும் பற்றரியையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் காவற்குடிலில் அருகருகே வைக்குக. காவற் கம்பியை மட்டும் வயலைச் சுற்றி முழங்கால் உயரத்தில் கொண்டு செல்க. இது அறுபடும்போது மணி ஒலிக்கும். இக்கம்பியில் 5 மில்லியம்பியர் அளவே ஓடுமாயின், 0.2 சதுர மில்லிமீற்றர் மெல்லிய கம்பியை 500 மீற்றர் நீளத்திற்கு இட்டாலும் இழப்பு கால் உவோற்றுக்குக் குறைவாகும். உறையிட்ட கம்பியே ஏற்றது. ஈரமான புல் பட்டாலும் தீங்கில்லை.

பற்றரியின் அளவு

7 அம்பியர் மணி கொள்ளளவுள்ள ஈயப் பற்றரியில் பாதியை மட்டுமே செலவிடுதல் நன்று. பெட்டி 50 மில்லியம்பியரை உபயோகித்தால் 12 மணி நேர இரவொன்றுக்கு 0.6 அம்பியர் மணி செலவாகும். மணி கால் மணி நேரம் ஒலித்தால் மேலும் 0.25 செலவாகும். எனவே நான்கு இரவுகளுக்கு ஒரு முறை மின்னேற்றுதல் அவசியம். பற்றரியின் நேர்முனைக்கு அருகே 2 அம்பியர் உருகி ஒன்றைப் பொருத்துக. உருகிக்குப் பதிலாக வெறுங் கம்பியை இடுதல் தீயை விளைவிக்கும்.

கவனிக்க வேண்டியவை

1. வீட்டின் 230 உவோற்று மின்சாரத்தை வயற் கம்பியில் ஒருபோதும் இணைத்தலாகாது. இது சட்டவிரோதமானது. இத்தகைய கம்பிகளால் விலங்குகள் மட்டுமன்றி, அயலாரும், அதனை இட்டவர் குடும்பத்தினரும் உயிரிழந்துள்ளனர்.

2. இடி மின்னலின்போது காவற் கம்பியைத் தொடாதீர்கள்.

3. நாள்தோறும் மாலையில் கம்பியின் ஒரு முனையைக் கழற்றி, மணி ஒலிக்கின்றதா எனப் பரீட்சிக்குக.

4. மணி ஒலித்ததும் இருளிற் தனியே வயலுள் இறங்காதீர்கள். யானையை விரட்டுதல் மணியின் வேலையன்று. உறங்குவோரை எழுப்புவதே அதன் வேலை. அயலாரை அழைத்து, வெளிச்சத்துடன் தூரத்தில் நின்றே ஆவன செய்க. இழந்த பயிரை அடுத்த போகத்திற் பெறலாம். இழந்த உயிரைப் பெறுதல் இயலாது.